புகைபோக்கியில் உழவாரன்கள்: அக்டோபர் பாதி வரை தீ மூட்டாதீர்கள்

ஆகஸ்ட் கடைசி வாரம் வந்துவிட்டது. வாக்ஸ் உழவாரன் பறவைகள் தெற்கே புறப்படத் தொடங்கிவிட்டன. மெக்சிகோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் போகும் வழியில், அக்டோபர் தொடக்கம் வரை ஓரிகானின் போர்ட்லாந்திலும் சுற்றுவட்டாரத்திலும் இவை இரவு தங்கும். தங்குமிடம் பழைய செங்கல் புகைபோக்கிகள். சாயங்காலம் வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கும், அப்படிப்பட்ட புகைபோக்கி உள்ள வீட்டில் குடியிருப்பவர்களுக்கும் இந்த அறிவிப்பு. குடியிருப்பவர்கள் கீழே படிக்குமுன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: அக்டோபர் பாதி வரை ஃபயர்பிளேஸில் தீ மூட்டக் கூடாது.

முதலில் பார்க்க வருகிறவர்களுக்கு. இடம், வடமேற்கு போர்ட்லாந்தில் உள்ள சாப்மன் தொடக்கப்பள்ளி. வாலஸ் பூங்காவை ஒட்டி இருக்கிறது. உச்சம் செப்டம்பர் நடுவில். ஆகஸ்ட் கடைசியில் சூரியன் மறைவது ஏறக்குறைய 7.50 மணிக்கு, செப்டம்பர் 15 வாக்கில் 7.20, மாதக் கடைசியில் 7 மணிக்குச் சற்று முன். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து உட்காருங்கள். மேகமூட்டமான நாளில் பறவைகள் சீக்கிரமே உள்ளே போய்விடும். பேருந்தில் வாருங்கள், பக்கத்துத் தெருக்காரர்களின் வாசலை மறித்து வண்டி நிறுத்தாதீர்கள். சமுக்காளம், ஸ்வெட்டர், தண்ணீர் எடுத்து வாருங்கள். குப்பையைத் திரும்ப எடுத்துப் போங்கள். அது பள்ளிக்கூடம், மதுவும் புகையும் கூடாது. டிரோன், லேசர், ஃப்ளாஷ் எதுவும் வேண்டாம். பைனாகுலர் எட்டு மடங்கு போதும்.

புகைபோக்கி உங்களுக்கும் மேற்கு வானத்துக்கும் நடுவில் வரும்படி உட்கார்ந்தால் எண்ணுவது எளிது. வெளிச்சம் மங்கிய பிறகும் பறவைகள் கருப்பாகத் தெரியும். முதலில் நாலைந்து வரும், பிறகு நூறு, அப்புறம் எங்கிருந்து வந்தன என்றே தெரியாமல் வானம் முழுக்கச் சிறகு. எல்லாம் ஒரே திசையில் வட்டமிடும். வட்டம் குறுகிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் அதன் அடிப்பகுதி புகைபோக்கி வாயில் இறங்கத் தொடங்கும். உள்ளே போவதைப் பத்துப் பத்தாக எண்ணுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணிச் சராசரி எடுத்தால் நல்லது. முதல் பறவை, கடைசிப் பறவை இறங்கிய நேரம், காற்று, மேகம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றும் வராத நாளையும் எழுதுங்கள். எண்ணுகிறவர்களுக்குச் சுழியமும் தகவல்தான்.

பைரியோ கூப்பர் வல்லூறோ வந்து ஒன்றைத் தூக்கிப் போனால் பார்க்க வந்த கூட்டம் முழுக்கக் கத்தும். கத்திவிட்டுப் போங்கள். கல் எறியாதீர்கள், டார்ச் அடிக்காதீர்கள். அதுவும் பசியோடுதான் வருகிறது, அது எடுப்பது ஒன்றோ இரண்டோ. இந்தப் பறவைகளை நூற்றுக்கணக்கில் ஒரே இரவில் கொல்வது வல்லூறு இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சாப்மன் பள்ளிக்கு 1980களிலிருந்தே இவை வருகின்றன. சில ஆண்டுகளில் பத்தாயிரத்துக்கு மேல் எண்ணியிருக்கிறார்கள். பறவை உள்ளே இருக்கும் வாரங்களில் கொதிகலனைப் பள்ளி மூட்டவில்லை. பிள்ளைகள் வகுப்பில் கோட்டு போட்டுக்கொண்டு படித்தார்கள். பிறகு பள்ளிக்கு வேறு வெப்பமூட்டும் அமைப்பு வந்தது, புகைபோக்கி பறவைகளுக்கென்றே விடப்பட்டது. ஆறு வயதுப் பிள்ளைகள் குளிரைத் தாங்கியிருக்கிறார்கள். ஆனால் வளர்ந்தவர்கள், செப்டம்பரில் முதல் மழை பெய்து சற்றே குளிர்ந்ததும், "சும்மா ஒரு விறகு போட்டுப் பார்க்கலாமே" என்கிறார்கள்.

சென்ற ஆண்டு செப்டம்பர் கடைசியில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் அதுதான் நடந்தது. தரைத்தளத்தில் புதிதாகக் குடிவந்தவர்கள். கெட்டவர்கள் இல்லை, யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. காலையில் கூப்பிட்டார்கள், போனேன். சாம்பலில் கிடந்ததை அள்ளி அட்டைப்பெட்டியில் வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். விரலளவு உடம்பு, அதைவிட நீளமான சிறகு. வாலின் ஒவ்வொரு இறகும் நுனியில் கம்பிமுள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது. கால் நகத்தில் செங்கல் தூள் அப்படியே இருந்தது. கடைசி வரை சுவரை விடாமல் பிடித்திருக்கிறது.

ஏன் பறந்து தப்பவில்லை என்று கேட்கிறீர்கள். உழவாரனுக்குக் கிளையில் உட்காரும் கால் கிடையாது. நகத்தால் செங்குத்துச் சுவரைப் பற்றி, வால்முள்ளை ஊன்றித்தான் அது தூங்கும். இரவில் உள்ளே நுழைந்த பறவைகள் நாட்டு ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. இருட்டில், தூக்கத்தில், கீழிருந்து புகையும் சூடும் வருகின்றன. இருக்கும் ஒரே வழி மேலே, அந்த ஒரே வழியில்தான் புகையும் போகிறது. சில நிமிடம் போதும்.

"கேஸ் ஃபயர்பிளேஸ்தானே, புகை வராதே" என்று சமாதானம் சொல்லாதீர்கள். பழைய செங்கல் புகைபோக்கி வழியாகத்தான் அது வெளியேறுகிறது என்றால் சூடும் வாயுவும் அதே இடத்துக்குத்தான் போகும். "பகலில் பார்த்தேன், ஒன்றும் பறக்கவில்லை" என்றும் சொல்லாதீர்கள். மழையும் குளிருமான நாளில் காற்றில் பூச்சி இருக்காது. அப்போது உழவாரன்கள் பகலிலும் வெளியே வராமல் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதாவது, உங்களுக்குத் தீ மூட்டத் தோன்றும் அதே நாளில்தான் புகைபோக்கி நிறைந்திருக்கும். தீ மூட்டாதீர்கள். விருந்தாளி கேட்டாலும், பிள்ளைகள் கெஞ்சினாலும் தீ மூட்டாதீர்கள். கம்பளியைப் போர்த்துங்கள், மின்சார ஹீட்டர் வையுங்கள்.

எங்கள் வீட்டில் இல்லை, சாப்மனில்தானே தங்குகின்றன என்று நினைப்பவர்கள் கவனியுங்கள். கூட்டம் சாப்மனை விட்டு வேறு புகைபோக்கிகளுக்கு மாறிப்போன ஆண்டுகளும் உண்டு. எங்கே போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. உள்ளே பொந்து விழுந்த பெரிய கிழட்டு மரங்களில் தங்கிய பறவை இது. காடு வெட்டப்பட்டபோது ஊருக்குள் வந்தது. ஊரிலும் பழைய புகைபோக்கிகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன, நிலநடுக்க அச்சத்தில் இடிக்கப்படுகின்றன. மிச்சம் இருப்பதில் ஒன்று உங்கள் கூரைமேல் இருக்கலாம். ஐந்து சாயங்காலம் வாசலில் நின்று மேலே பாருங்கள். வேறொன்றும் செலவில்லை.

மூடி போடுவது பற்றி ஒவ்வோர் ஆண்டும் ஒரே குழப்பம். செங்கல் புகைபோக்கிக்கு மூடி போட வேண்டுமானால் பறவைகள் போன பிறகு, அக்டோபர் பாதிக்கு மேல் போடுங்கள், மார்ச்சில் எடுத்துவிடுங்கள். ஆகஸ்ட் செப்டம்பரில் ஆள் கூப்பிட்டு மூடாதீர்கள். பறவை உள்ளே இருக்கும்போது மூடினால் பட்டினியில் சாகும். தீயில் போனதற்கும் இதற்கும் நாள் கணக்கில்தான் வித்தியாசம். உள்ளே உலோகக் குழாய் பொருத்திய புகைபோக்கியாக இருந்தால் முறை நேர் எதிர். வழவழப்பில் நகம் பிடிக்காமல் பறவை கீழே சரிந்து மேலே ஏற முடியாமல் செத்துப்போகும். அதை ஆண்டு முழுக்க மூடியே வையுங்கள். கரி சுரண்டும் வேலை மார்ச்சில். இடிப்பதும் பழுது பார்ப்பதும் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள். 1918இல் வந்த அமெரிக்க வலசைப் பறவைகள் உடன்படிக்கைச் சட்டத்தின் பாதுகாப்பு இவற்றுக்கு உண்டு; ஒப்பந்தக்காரரிடம் இதைச் சொல்ல வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு. வாடகைக்கு விடுகிறவர்கள் குடிவருபவரிடம் சாவி கொடுக்கும்போதே சொல்லுங்கள். ஃபயர்பிளேஸ் மேலேயே ஒரு சீட்டு ஒட்டிவையுங்கள்: "அக்டோபர் 15 வரை மூட்டாதே." மரியாதைக் குறைவு என்று யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஃபயர்பிளேஸுக்கு மேலே உள்ள அடைப்பை, அதாவது டேம்பரை, இன்றே மூடுங்கள். மூடியிருந்தால் பறவை அறைக்குள் விழாது. அடைப்புக்கு மேலே சலசலப்போ கிறீச்சொலியோ கேட்டால் பயப்பட ஒன்றுமில்லை, அவை அங்கே இருக்கின்றன என்று பொருள். கம்பால் குத்தாதீர்கள்.

அப்படியும் ஒன்று கீழே வந்து விழுந்துவிட்டால்: அறை விளக்கை அணையுங்கள், மெல்லிய துணியால் எடுங்கள். காற்றோட்டத் துளை போட்ட அட்டைப்பெட்டியின் உட்சுவரில் ஒரு துண்டைத் தொங்கவிட்டு, அதில் பற்றிக்கொள்ளும்படி வையுங்கள். தரையில் படுக்கவைத்தால் தவிக்கும். அரிசி, ரொட்டி, பால், தண்ணீர் எதுவும் வாயில் ஊட்ட வேண்டாம். பறந்தபடியே பூச்சி பிடித்துத் தின்னும் பறவை அது. மொட்டைமாடியிலிருந்து தூக்கி எறிந்து பறக்கவைக்கிறேன் என்று யாரும் கிளம்பாதீர்கள். பெட்டியை இருட்டான, வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, அன்றைக்கே ஓரிகான் பறவைகள் கூட்டமைப்பின் வனவிலங்குப் பராமரிப்பு மையத்துக்குச் சொல்லுங்கள்.

அக்டோபர் 15க்குப் பிறகும் ஒரு வாரம் சாயங்காலம் மேலே பார்த்து, ஒன்றும் இறங்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு முதல் விறகை வையுங்கள். ஒரே ஒரு பறவை இறங்கினாலும் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.