பூனைக்கு விலை தெரியாது

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வாடகை ஏறிவிட்டது, மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறது, பூனைகளின் சாப்பாட்டுச் செலவையாவது குறைக்க வேண்டும் என்கிறாய். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கணக்குப் பார்த்து வளர்ப்பவள்தான் ஒரு பிராணியைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றுவாள். ஆனால் அடுத்த வரியிலேயே பழியைத் தூக்கி மல்லியின் தலையில் போட்டுவிட்டாயே! "அவளுக்கு விலை கூடினதுதான் வேணுமாம் அக்கா, மகாராணி!" அடி பைத்தியமே, பூனைக்கு விலை தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வாசனையும், வாயில் படும் பதமும், பழக்கமும்தான். இவை அத்தனையையும் ஒரே காலையில் மாற்றிவிட்டு, தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று அதைக் கோபித்துக்கொள்கிறாய்.

பாக்கெட்டில் வரும் உலர் தீனியை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் கோபம் பாதி தணிந்துவிடும். தானிய மாவையும் இறைச்சித் தூளையும் சேர்த்துப் பிசைந்து, சூட்டோடு அழுத்திப் பிதுக்கி, துண்டுகளாக நறுக்கிக் காயவைக்கிறார்கள். பிறகு மேலே கொழுப்பைத் தெளித்து, ஈரல் போன்றவற்றை நொதிகளால் கரைத்து எடுத்த சாற்றைப் பூசுகிறார்கள். மல்லி சொக்கிப்போவது பெரும்பாலும் அந்தப் பூச்சில்தான். கம்பெனிக்குக் கம்பெனி பூச்சு மாறும். துண்டின் வடிவமும் மாறும். ஆகவே அவள் முகத்தைத் திருப்பியதால் புதிய தீனி மட்டம் என்றும் ஆகாது, பழைய தீனி உயர்ந்தது என்றும் ஆகாது. பழகாத வாசனை, அவ்வளவுதான். பழக்கம் என்றால் பழக்கிவிடலாம். நான் இந்தக் கடிதத்தை எழுதுவதே அந்த நம்பிக்கையில்தான்.

நீ அடுத்து என்ன செய்ய நினைத்திருக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். "பசி ருசி அறியாது, இரண்டு நாள் வேறெதுவும் வைக்காமல் இருந்தால் தன்னால் தின்னும்" என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். நீயும் தலையாட்டியிருப்பாய். வேண்டாம். அந்தப் பழமொழி மனிதனுக்குப் பொருந்தும். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பதும் பழமொழிதான். பூனை புலியின் குடும்பம். பட்டினி கிடக்கும் பூனையின் உடல், சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்பும். அவ்வளவு கொழுப்பைச் சமாளிக்கப் பூனையின் கல்லீரலுக்குத் திராணி கிடையாது. சில நாள் பட்டினியிலேயே கொழுப்பு அதில் படிந்து, அது வேலைநிறுத்தம் செய்துவிடும், உயிருக்கே ஆபத்து. இதில் முதலில் மாட்டுவது குண்டுப் பூனைகள். ஆறு கிலோ இருக்கிறான் என்று பெருமையாக எழுதியிருக்கிறாயே, அந்தச் சிங்காரம்தான் முதல் ஆள். ஒரு முழு நாள் வாயில் எதுவும் படவில்லை என்றால் உன் வைராக்கியத்தை மூட்டை கட்டிவைத்துவிட்டுப் பழைய தீனியை எடுத்து வை. அப்படியும் தின்னாவிட்டால் டாக்டரிடம் போ. தீனியை மாற்ற அடுத்த வாரம்கூட முயலலாம்.

மாற்றுவதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துக்கொள். நேற்றுவரை நன்றாகத் தின்றுவந்த பூனை திடீரென்று பழைய தீனியையே ஒதுக்கினால் அதற்குப் பெயர் செல்லம் இல்லை, நோய். பல் வலி, ஈறு வீக்கம், சிறுநீரகக் கோளாறு, எதுவாகவும் இருக்கலாம். குட்டிகளுக்கும், சினையாக இருப்பவற்றுக்கும், சிறுநீர்க் கல்லுக்கோ சிறுநீரகத்துக்கோ டாக்டர் எழுதிக்கொடுத்த தனித் தீனி தின்பவற்றுக்கும் நீயாக எதையும் மாற்றாதே. சென்னையில்தானே இருக்கிறாய்? வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டிவிட்டு ஆரம்பி.

இனி, மலிவு என்று நீ எதையெல்லாம் எட்டிப் பார்ப்பாய் என்று யோசித்தேன். பக்கத்து வீட்டு நாய்க்கு வாங்கும் மூட்டை கிலோவுக்குப் பாதி விலைதானே என்று தோன்றும். நாய்த் தீனி நாய்க்கு மட்டும்தான். டாரின் என்ற ஒரு சத்தைப் பூனையின் உடல் தனக்குப் போதுமான அளவு தயாரித்துக்கொள்ளாது. உணவிலிருந்துதான் பெற வேண்டும். அது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயம் தளர்ந்து வீங்கும். கடையில் விற்ற பூனைத் தீனியையே தின்றுவந்த பூனைகளுக்கும் அந்த இதய நோய் வந்ததற்குக் காரணம் டாரின் குறைவுதான் என்று 1987-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியான் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் கண்டுபிடித்தார்கள். டாரின் கொடுத்ததும் நோய் குணமானது. கம்பெனிகளும் தீனியில் அதன் அளவைக் கூட்டின. பூனைக்கென்று செய்ததிலேயே இந்தக் கதை நடந்திருக்கிறது என்றால், நாய்க்கென்று செய்ததை நம்பி எப்படித் தட்டை நிரப்புவாய்?

அடுத்தது லூஸ் தீனி. பெட் ஷாப்பில் பெரிய மூட்டையைப் பிரித்து, கண்ணாடிக் கவரில் கட்டி, கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். அதில் என்ன இருக்கிறது, எப்போது செய்தது, எப்போது பிரித்தது என்று எதுவும் தெரியாது. காற்றுப் பட்டால் மேல்பூச்சுக் கொழுப்பு சிக்கடித்துப்போகும். நமக்குத் தெரியாவிட்டாலும் பூனையின் மூக்குக்குத் தெரிந்துவிடும். சின்னதாக இருந்தாலும் கம்பெனி ஒட்டிய பாக்கெட்டாக வாங்கு.

"எங்க பாட்டி வீட்டுப் பூனை பால்சோறும் கருவாடும் தின்றே பத்து வருஷம் இருந்ததே?" என்று கேட்பாய். இருந்தது. அது ராத்திரியெல்லாம் ஓட்டின் மேலும் வைக்கோல் போரிலும் எலியும் பல்லியும் பிடித்துத் தின்றதைப் பாட்டி கணக்கில் எழுதவில்லை. உன் பூனைகள் மூன்றாவது மாடியில் ஜன்னல் வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கின்றன. நீ வைப்பதைத் தவிர அவற்றுக்கு வேறு கதி இல்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதும் இல்லை, வயிற்றால் போகும். கோழிக்கறியை வேகவைத்து அதையே தினமும் போடலாம் என்றாலும் கணக்கு உதைக்கும். எலும்பில்லாத வெறும் சதையில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. ஈரலாகவே போட்டால் வைட்டமின் ஏ அளவுக்கு மீறிச் சேர்ந்து எலும்பைக் கெடுக்கும். பச்சை மீன் சிலவற்றில் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது. வேகவைத்த மத்தியும் கோழியும் ஆசைக்கு ஒரு வாய் கொடு. அதுவே சாப்பாடாகிவிடக் கூடாது.

பாக்கெட்டை எடுத்ததும் படத்தைப் பார்க்காதே, பின்பக்கத்தைப் பார். 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்று போட்டிருந்தால் அதை மட்டுமே கொடுத்து வளர்க்கலாம். 'காம்ப்ளிமென்டரி' என்றிருந்தால் அது தொட்டுக்கொள்ள மட்டும். உன் பூனைகள் உயிரை விடும் அந்தக் கிரீம் ட்யூப்களில் பல இந்த வகைதான். அமெரிக்காவில் தீனிக்குத் தரம் வகுக்கும் ஆஃப்கோ அமைப்பின் அளவுகோல், நீரை நீக்கிய கணக்கில், வளர்ந்த பூனைக்குக் குறைந்தது 26 சதவீதம் புரதமும் குட்டிக்கு 30 சதவீதமும் வேண்டும் என்கிறது. உலர் தீனியில் டாரின் குறைந்தது 0.1 சதவீதம் இருக்க வேண்டும். இந்த வாசல் தாண்டிய மலிவுத் தீனி உண்டு. அதைத் தேடிப் பிடிப்பதுதான் உன் வேலை.

விலையையும் சரியாகப் பார்க்கக் கற்றுக்கொள். கிலோ விலையை ஒப்பிட்டுத்தான் நீ குதிக்கிறாய். பூனை கிலோவையா தின்கிறது? வீட்டுக்குள் இருக்கும் நான்கு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கலோரி வேண்டும். ஒரு பேச்சுக்கு, கிலோ 600 ரூபாய்த் தீனியில் நூறு கிராமுக்கு 400 கலோரி என்று வை. 50 கிராம் போதும், 30 ரூபாய். கிலோ 400 ரூபாய்த் தீனியில் 320 கலோரிதான் என்றால் 62 கிராமுக்கு மேல் வேண்டும், 25 ரூபாய். மூட்டை விலையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது போலத் தெரிந்தது. நாள் கணக்கில் ஆறில் ஒரு பங்குதான் மிச்சம். நன்றாகச் செரிக்காத தீனி என்றால் கழிவு கூடும், கழிவுத் தட்டில் போடும் மணல் செலவும் கூடும். கலோரி அளவு பாக்கெட்டில் இருந்தால் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வாங்கு. கூடவே சமையல் தராசில் நிறுத்து வைக்கப் பழகு. சிங்காரத்தின் தட்டில் நீ குத்துமதிப்பாகக் கொட்டுவதைக் குறைத்தாலே, தீனியை மாற்றாமலே பணம் மிஞ்சும் என்பது என் சந்தேகம்.

இப்போது மாற்றும் வழிக்கு வருகிறேன். நாள் முழுக்கத் தட்டு நிறைந்தே இருப்பதை முதலில் நிறுத்து. பூனை கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை தின்னும் பிராணி. ஆகவே நாள் அளவை நான்கு வேளையாகப் பிரித்து வை, அரை மணியில் எடுத்துவிடு. வேளைக்குச் சாப்பிடும் பூனைக்கு வேளையில் பசிக்கும். இது பட்டினி அல்ல, ஒழுங்கு. சில நாளில் இது பழகிவிடும். பிறகு, பழைய தட்டுக்குப் பக்கத்தில் சின்னத் தட்டில் புதிய தீனி நாலைந்து துண்டு வை. தின்ன வேண்டியதில்லை, மோந்து பார்த்தால் போதும். எடுத்த எடுப்பில் கலந்துவிட்டால் மல்லி மாதிரிப் பூனை பழையதையும் சேர்த்து வெறுத்துவிடும்.

மோந்து பழகியதும் பத்தில் ஒரு பங்கு புதியது, மீதி பழையது. இரண்டு மூன்று நாள் சிக்கலின்றிப் போனால் இன்னும் ஒரு பங்கு. சாதாரணப் பூனைக்கு இதைவிடப் பெரிய படிகளில் ஏழிலிருந்து பத்து நாளில் முடியும். உன்னுடைய இரண்டுக்கும் ஒரு மாதம் ஆகட்டும், என்ன அவசரம்? முகம் திருப்பினால் ஒரு படி பின்னால் போ. பழைய தீனியைக் கொஞ்சம் பொடித்துப் புதியதன் மேல் தூவினால் பழகிய வாசனை வரும். வெதுவெதுப்பான நீரைச் சில துளி தெளித்தாலும் வாசனை எழும்பும். ஈரத் தீனிப் பவுச்சில் மிச்சமானதை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே வைத்துவிட்டு "தின்னவில்லை" என்று எழுதாதே. சில்லென்ற உணவில் வாசனை குறைவு. மீன் வேகவைத்த தண்ணீர் ஒரு ஸ்பூன் ஊற்றலாம், உப்பு, வெங்காயம், பூண்டு படாததாக. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை அழிக்கும். சர்க்கரை தூவி ஏமாற்ற நினைக்காதே. பூனைக்கு இனிப்பை அறியும் மரபணு வேலை செய்வதில்லை என்று 2005-இல் அமெரிக்காவின் மோனல் ஆய்வு மையத்தார் காட்டிவிட்டார்கள்.

புதிய தீனிக்குள் மாத்திரையை ஒளித்து வைக்காதே. ஒருமுறை கசந்தால் அந்தத் தீனிக்கே ஜென்மப் பகை. வாந்தி எடுக்கும் நாளிலும் புதியதைக் காட்டாதே. குமட்டலையும் வாசனையையும் பூனை முடிச்சுப் போட்டுக்கொள்ளும். இரண்டுக்கும் தனித்தனித் தட்டு, தனித்தனி மூலை. இல்லாவிட்டால் யார் தின்றது, யார் பட்டினி என்று உனக்குத் தெரியவே தெரியாது. தட்டில் எறும்பு ஏறியிருக்கிறதா என்று பார். எறும்பு மொய்த்ததால் ஒதுக்கியதைத் தீனி பிடிக்காததாக நினைத்துவிடாதே. தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்துக்கு நடுவே தட்டை வைத்தால் தீர்ந்தது.

செலவைக் குறைக்க ஈரப் பவுச்சை அடியோடு நிறுத்தப்போகிறாய் என்றால் ஒரு எச்சரிக்கை. பவுச்சில் முக்கால் பங்குக்கு மேல் நீர். உலர் தீனியில் பத்தில் ஒரு பங்குதான். அந்த நீர் வேறு வழியில் உள்ளே போக வேண்டும். வீட்டில் இரண்டு மூன்று இடத்தில், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி, தண்ணீர் வை. சிங்காரம் மணல் தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து முக்கி, சிறுநீர் வராமல் தவித்தால் காலைவரை காத்திருக்காதே. ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைப்பு ஓரிரு நாளிலேயே உயிரைக் கொண்டுபோகக்கூடும். அப்போது நீ மிச்சம் பிடித்ததெல்லாம் எந்த மூலைக்கு?

இவ்வளவும் செய்தும் மல்லி பாதிக்கு மேல் இறங்கி வராமல் போகலாம். அதைத் தோல்வி என்று நினைக்காதே. பாதி பழையது, பாதி புதியது என்று நிரந்தரமாகவே வைத்துக்கொள்; அதிலும் பணம் மிஞ்சுகிறது. இரண்டு வாசனை பழகிய பூனைக்கு, ஒரு தீனி கடையில் கிடைக்காமல் போகும் நாளிலும் பிழைப்பு உண்டு. சிங்காரம் முழுவதும் மாறிவிட்டால், அவனிடம் மிச்சமாவதை இவளுக்குச் செலவழி. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

ஆரம்பிக்கும் முன் இரண்டையும் எடை பார்த்துக் குறித்துவை. வாரம் ஒருமுறை பார். எடை மளமளவென்று இறங்கினால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பார். அடுத்த கடிதத்தில் மல்லியின் குணத்தைப் பற்றிப் புகார் எழுதாமல், என்ன வைத்தாய், எத்தனை கிராம் தின்றாள், எடை எவ்வளவு என்று எழுது. அதை வைத்து அடுத்த படியைச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா