முதல் தலைமுறை யார்? மிங்கலாடோன் வீடுகளில் உலவும் தவறான கணக்குகள்

2021 பிப்ரவரி ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு யாங்கோனில் வெளிநாட்டுப் படிப்பைத் தேடும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். மெட்ரிக் தேர்வோடு நிற்காமல் அமெரிக்கப் பள்ளியிறுதிக்கு இணையான ஜி.இ.டி. தேர்வை எழுதுகிறார்கள், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இணைய விண்ணப்பத்தை நிரப்புகிறார்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் மிங்கலாடோன் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த ஆசை உண்டு. அந்த விண்ணப்பத்தில் ஒரு பகுதி, அப்பாவும் அம்மாவும் எதுவரை படித்தார்கள் என்று கேட்கிறது. விண்ணப்பிப்பவர் முதல் தலைமுறை மாணவரா இல்லையா என்பதை அந்தப் பதிலை வைத்தே முடிவு செய்கிறார்கள்.

மியான்மரில் இப்படி ஒரு கேள்வியே கிடையாது. மெட்ரிக் மதிப்பெண்தான் எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடம் என்பதைத் தீர்மானிக்கிறது. 1982 குடியுரிமைச் சட்டம் வந்த பிறகு, தொழிற்கல்விக்குக் கையில் இருக்கும் குடியுரிமை அட்டை எந்த வகை என்பதும் முக்கியமாகிவிட்டது. பெற்றோரின் பட்டத்தை யாரும் கேட்டதில்லை. அதனால் நம்மவர்கள் சென்னையிலோ திருச்சியிலோ இருக்கும் உறவினரிடம் கேட்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

“அண்ணன் பட்டம் வாங்கிவிட்டான், தம்பிக்கு இனி அது கிடையாது” என்பது முதல் நம்பிக்கை. தமிழ்நாட்டில் இது சரி. அங்கே 2010-11 கல்வியாண்டிலிருந்து ‘முதல் பட்டதாரி’ சலுகை நடைமுறையில் இருக்கிறது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வருவாய்த் துறையிடம் சான்றிதழ் வாங்கி, கவுன்சலிங் மூலம் பொறியியல் போன்ற தொழிற்கல்வியில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசே கட்டும். சாதி, வருமான வரம்பு எதுவும் இல்லை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் சலுகை கிடையாது. அந்தச் சான்றிதழுக்கான உறுதிமொழியில் பெற்றோரோடு தாத்தா, பாட்டி, உடன்பிறந்தவர்களின் படிப்பையும் எழுத வேண்டும். அவர்களில் ஒருவர் பட்டதாரி என்றாலும் சான்றிதழ் கிடைக்காது. அங்கே அலகு குடும்பம். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் அந்த இடம்.

அமெரிக்கக் கணக்கில் அலகு பெற்றோர் மட்டும். அந்நாட்டின் உயர்கல்விச் சட்டம், தாய் தந்தை இருவருமே இளங்கலைப் பட்டம் முடிக்காதவர்களாக இருந்தால் பிள்ளையை முதல் தலைமுறை என்கிறது. அண்ணன் டாக்டராக இருந்தாலும் தம்பி முதல் தலைமுறைதான். 1950களில் ரங்கூன் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. முடித்த தாத்தா இருந்தாலும் அது மாறாது. 1964-க்குப் பிறகு கப்பல் ஏறித் தமிழ்நாட்டுக்குப் போன கிளையில் பிறந்த பேரனுக்கு அதே தாத்தாவின் பட்டம் சான்றிதழைத் தடுக்கும். மிங்கலாடோனில் தங்கிவிட்ட கிளையின் பேத்திக்கு அமெரிக்க விண்ணப்பத்தில் அது எந்தத் தடையும் இல்லை. ஒரே தாத்தா, இரண்டு விடைகள், இரண்டும் உண்மை. இந்த வேறுபாடு தெரியாமல் எத்தனை தம்பி தங்கைகள் தங்களுக்கு உரியதைத் தாங்களே விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

அடுத்த நம்பிக்கை மியான்மரின் வரலாற்றோடு பின்னியது. “அப்பா யுனிவர்சிட்டிக்குப் போனவர், அதனால் நான் முதல் தலைமுறை இல்லை.” போனார், சரி, முடித்தாரா? 1988 போராட்டத்தோடு பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. இடையில் திறந்தன, மறுபடி மூடின. 1996 டிசம்பர் மாணவர் போராட்டத்துக்குப் பிறகு மூடியவை முழுமையாகத் திறக்க 2000 ஆயிற்று. இரண்டாம் ஆண்டோடு படிப்பு நின்று, கடைக்கோ கம்பெனிக்கோ வேலைக்குப் போய்விட்ட தலைமுறை அது. இன்று விண்ணப்பம் நிரப்பும் பிள்ளைகளில் பலர் அவர்களுடைய பிள்ளைகள். அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் முடிக்காத படிப்பு பட்டம் ஆகாது. ‘கல்லூரியில் சிறிது காலம் படித்தார், பட்டம் பெறவில்லை’ என்ற வகை விண்ணப்பத்திலேயே இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். சில பல்கலைக்கழகங்கள் மட்டும், பெற்றோர் கல்லூரிக்கே போயிருக்கக் கூடாது என்று தங்கள் விதியை இறுக்கி வைத்திருக்கும்.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. கல்லூரிகள் மூடிக் கிடந்த காலத்தில் தொலைநிலைக் கல்வி வழியாகப் பட்டம் முடித்தவர்கள் யாங்கோனில் ஏராளம். “அது வீட்டிலிருந்து படித்ததுதானே, வெளிநாட்டில் யார் மதிப்பார்கள், அம்மாவுக்குப் பள்ளிப் படிப்பு என்றே போடு” என்கிறார்கள். போடக் கூடாது. தொலைநிலைக் கல்வியில் வாங்கிய பி.ஏ.வும் பட்டம்தான், மியான்மரில் வாங்கியதும் பட்டம்தான். அந்தப் பட்டத்தால் அம்மாவுக்கு வேலை கிடைத்ததா என்பது வேறு கேள்வி. அந்த வருத்தத்தை விண்ணப்பக் கட்டுரையில் எழுத இடம் உண்டு. படிவத்தில் பட்டத்தை மறைக்க இடம் இல்லை. பொய் பின்னால் தெரிந்தால் கொடுத்த இடத்தையே திரும்பப் பெற முடியும்.

மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் பட்டதாரி அப்பாவைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம் என்று ஒரு யோசனையும் சுற்றுகிறது. ஒரு பெற்றோருடன் மட்டுமே வளர்ந்து, அவரிடமிருந்து மட்டுமே ஆதரவு பெற்ற பிள்ளைக்கு அந்த ஒருவரின் படிப்பை மட்டும் பார்ப்பது உண்மைதான். மாதாமாதம் பணம் அனுப்பும் அப்பா அந்த விலக்கில் வரமாட்டார். வளர்ப்பது பாட்டி என்றால் பாட்டியின் படிப்பைப் பார்ப்பதில்லை; பொதுவாகப் பெற்ற அல்லது தத்தெடுத்த பெற்றோரைத்தான் பார்ப்பார்கள்.

ஏழை என்றால் முதல் தலைமுறை என்பதும் தவறு. வருமானம் தனிக் கேள்வி. நன்றாகக் கடை நடத்தும், பத்தாவது தாண்டாத அப்பாவின் மகளும் முதல் தலைமுறைதான். குடும்பத்தில் முதலில் வெளிநாடு போவதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

பெரிய எதிர்பார்ப்பு ஒன்றையும் திருத்த வேண்டியிருக்கிறது: முதல் தலைமுறை என்று தெரிந்தால் அமெரிக்க அரசே பணம் தரும் என்பது. ‘ட்ரையோ’ என்ற கூட்டாட்சித் திட்டங்கள் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை, அகதி நிலை போன்றவை பெற்றவர்களுக்கும் உரியவை. மியான்மரிலிருந்து அகதியாகப் போய் அங்கே குடியமர்ந்த குடும்பத்தின் பிள்ளை கேட்கலாம். மாணவர் விசாவில் போகும் பிள்ளை கேட்க முடியாது. அப்படிப் போகிறவர்களுக்குக் கிடைப்பது அந்தந்தப் பல்கலைக்கழகம் சொந்தமாக வைத்திருக்கும் உதவியும் வழிகாட்டலும்தான். தமிழ்நாட்டுச் சலுகையும் அப்படித்தான்: யாங்கோனில் வாழும் மியான்மர்க் குடிமகனின் பிள்ளைக்கு எந்தத் தாசில்தாரும் அந்தச் சான்றிதழைத் தரமாட்டார். அதற்காக ஏஜெண்டிடம் பணம் கட்டாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. படிக்கவில்லை என்று எழுதக் கூசி, பிள்ளையிடம் ‘மெட்ரிக் பாஸ்’, ‘பி.ஏ.’ என்று கூட்டிச் சொல்லாதீர்கள். படிக்காத வீட்டிலிருந்து ஒருவர் இவ்வளவு மதிப்பெண் வாங்கியிருக்கிறார் என்று சேர்க்கை அலுவலர் புரிந்துகொள்ள உங்கள் உண்மையான பதில்தான் வழி. பிள்ளைகளே, விண்ணப்பிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் வரையறையையும் தனித்தனியாகப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் குடும்ப நிலையை நான்கு வரியில் எழுதிச் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர்கள் தரும் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அதன்படியே படிவத்தை நிரப்புங்கள்.