சுரூபமா, தாயத்தா?



புது மோட்டார் சைக்கிள் வாங்கியதும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள். அமெரிக்காவிலோ, வண்டியின் அடிப்பாகத்தில் சிறு மணியொன்றைத் தொங்கவிடுகிறார்கள். சாலையில் திரியும் குட்டிப் பிசாசுகள் அதற்குள் அகப்படுமாம். பிறர் அன்பளிப்பாய்த் தந்த மணிதான் நன்கு பலிக்குமாம்!

“நாங்கள் அர்ச். கிறிஸ்தோபர் சுரூபமல்லவா வைத்திருக்கிறோம்” என்பீர்கள். நல்லதே. அவர் பிரயாணிகளின் பாதுகாவலர். 1969-ல் அவர் திருநாள் பொது நாட்காட்டியிலிருந்து எடுக்கப்பட்டதேயன்றி, அர்ச்சியசிஷ்டர் வரிசையிலிருந்து அவர் நீக்கப்படவில்லை.

ஆனால் மந்திரித்த சுரூபம் எதற்கு? நம்மை ஜெபிக்கத் தூண்டுவதற்கு. ‘இது இருந்தால் விபத்து வராது’ என்று எண்ணினால், அந்த எண்ணமே அதைத் தாயத்தாக்கிவிடும். உள்ளத்தில் பக்தியின்றி வெளி அடையாளத்தை மட்டும் நம்புவது மூடநம்பிக்கையே என்று 1992-ல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2111) படிப்பிக்கிறது.

தேவாலய உச்சியிலிருந்து குதித்தால் சம்மனசுகள் தாங்குவார்கள் என்று பசாசு சொன்னபோது, சேசுநாதர் மறுத்தார் (மத். 4). தலைக்கவசத்தைப் பெட்ரோல் டாங்கியின்மேல் வைத்துவிட்டு, சுரூபத்தை நம்பி விரைகிறவன் செய்வதென்ன? அதே உச்சியிலிருந்து குதிக்கிறான்.

ஓட்டுகிறவர் மட்டுமல்ல, பின்னால் அமருகிறவரும் தலைக்கவசம் அணிந்து வாரை மாட்ட வேண்டுமென்பது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ம் பிரிவு. நம் உயிரையும் பிறர் உயிரையும் பேணுவதோ சர்வேசுரனின் ஐந்தாம் கற்பனை.

ஆகையால் பெற்றோரே, மகன் சாவியை எடுக்கும்போது இரண்டையும் கேளுங்கள்: சிலுவை அடையாளம் வரைந்தாயா? வாரை மாட்டினாயா?