மரியா சிபில்லா மேரியன் அம்மையாரின் கடிதங்கள்

நூலை விருந்து மண்டபம் என்று கொண்டால், கடிதத்தை அடுக்களை எனலாம். மண்டபத்தில் இலை விரித்து அமர்வோர் அடுக்களையின் புகையையும் வியர்வையையும் அறியார். அறிஞர் ஒருவரின் உழைப்பை உள்ளவாறு அறிய விழைவோர் அவருடைய கடிதங்களையும் படித்தல் வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் பூச்சிகளின் வாழ்வை ஆராய்ந்து ஓவியமாகவும் தீட்டிய மரியா சிபில்லா மேரியன் அம்மையாரின் கடிதங்கள் இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

அம்மையார் 1647 ஆம் ஆண்டு ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் நகரிற் பிறந்தார். தந்தையார் புகழ் வாய்ந்த செப்புத்தகட்டுச் சித்திரக்காரரும் நூற்பதிப்பாளருமாவார். மூன்று வயதில் தந்தையை இழந்த குழந்தை, சிறிய தந்தையாராக வாய்த்த மலரோவியர் ஒருவரிடம் தூரிகை பிடிக்கக் கற்றது. பதின்மூன்றாம் வயதிற் பட்டுப்புழுவை வளர்த்து அதன் மாற்றங்களைக் குறித்துவைக்கத் தொடங்கினார். அக்காலப் பல்கலைக்கழகங்களின் கதவுகள் பெண்களுக்கு அடைபட்டிருந்தன. அறிஞர் மொழியாகிய இலத்தீனில் முறையான கல்வியும் அவருக்குக் கிட்டவில்லை. எனினும் 1679 இலும் 1683 இலும், புழு வண்ணத்துப்பூச்சியாகும் வரலாற்றை அது உண்ணும் செடியோடு சேர்த்துக் காட்டும் ஐம்பது ஐம்பது படங்கள் கொண்ட இரு நூற்பகுதிகளை வெளியிட்டார்.

ஏறத்தாழ எழுபதாண்டு வாழ்ந்த இவ்வம்மையார் எழுதிய கடிதங்களுள் இன்று எஞ்சியுள்ளவை இருபதுக்கும் குறைவே. அவை 1682 ஆம் ஆண்டிலே தொடங்குகின்றன. நூரென்பேர்க் மருத்துவர் வொல்க்காமருக்கு எழுதியவை எர்லாங்கன் பல்கலைக்கழக நூலகத்திலும், இலண்டன் மருந்து வணிகர் ஜேம்ஸ் பெற்றிவருக்கு எழுதியவை பிரித்தானிய நூலகத்திலும் பேணப்படுகின்றன. இவற்றை எடுத்துப் படிப்போர் முதலில் ஏமாற்றமே அடைவர். கணவரை விட்டுப் பிரிந்தமை, பிரிசுலாந்து நாட்டிலே துறவுநெறி சார்ந்த சமயக் கூட்டத்தோடு சில ஆண்டுகள் வாழ்ந்தமை ஆகியவற்றின் உட்காரணங்களை நாம் தேடினால், கடிதங்கள் பெரும்பாலும் வாய் திறவா. விலை, வண்ணம், பெட்டி, அச்சு, அஞ்சல் என்பனவே அவற்றின் பேச்சு.

முதற் கடிதங்கள், நூரென்பேர்க்கில் அவரிடம் ஓவியம் பயின்ற கிளாரா றெஜினா இம்ஹொவ் என்னும் உயர்குடிப் பெண்ணுக்கு எழுதப்பட்டவை. ஆசிரியையின் அன்பும், குலத்தால் உயர்ந்தவளுக்குக் காட்டும் பணிவும் அவற்றிற் கலந்திருக்கின்றன. வண்ணங்களும் மெருகெண்ணெயும் பற்றிய செய்திகளும் இடையிடையே வருகின்றன. வண்ணப்பொருள் விற்பதும் பெண்களுக்கு ஓவியம் பயிற்றுவதும் அம்மையாரின் வருவாய்க்கு வழிகளாயிருந்தன என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1691 இல் அவர் ஆம்ஸ்ரர்டாம் நகரிற் குடியேறினார். அக்காலத்தில் நம் யாழ்ப்பாணத்தையும் ஆண்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்கள், உலகின் பல திசைகளிலிருந்தும் விந்தைப் பொருள்களைக் கொணர்ந்து அந்நகரிற் குவித்தன. கம்பனியின் இயக்குநருள் ஒருவரும் நகரத் தலைவருமான நிக்கொலாஸ் விற்சன் போன்றோரின் காட்சிப்பேழைகளை அம்மையார் கண்டார், வியந்தார், ஆனால் நிறைவடைந்தாரல்லர். அங்கிருந்த பூச்சிகள் அழகாயிருந்தன. ஆயின் அவை எதிலிருந்து தோன்றின, எதை உண்டன என்று சொல்வாரில்லை. ஆகவே 1699 இல், தமது ஐம்பத்திரண்டாம் வயதில், ஓவியங்களை விற்றுப் பொருள் தேடி, இளைய மகள் டொரொத்தியாவுடன் தென்னமெரிக்காவின் சூரினாம் நாட்டுக்குக் கப்பலேறினார்.

1702 ஒக்ரோபரில் வொல்க்காமருக்கு எழுதிய கடிதம் அப்பயணத்தின் விலையைக் கூறுகின்றது. அந்நாட்டு வெப்பத்தில் வேலை செய்தல் மிகக் கடினமென்றும், அதனால் உயிரையே இழக்கும் நிலைக்கு வந்து, எண்ணியதற்கு முன்னரே திரும்ப நேர்ந்ததென்றும் அவர் எழுதுகிறார். அடுத்து வருவது விற்பனைப் பட்டியல். திரவத்தில் இட்ட முதலை, பலவகைப் பாம்புகள், பெட்டி பெட்டியாக வண்ணத்துப்பூச்சிகள், வண்டுகள் ஆகியவற்றை வாங்குவார் உளரோ என வினவுகிறார். சாவின் வாயிலிலிருந்து மீண்ட செய்தியும் சரக்கின் பட்டியலும் ஒரே கடிதத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. இதனைப் பொருளாசையென்று எண்ணுதல் தவறு. அரசரோ கழகமோ பொருள் வழங்காத ஒருவர், தம் நூலைத் தம் செலவிலேயே அச்சிட வேண்டியிருந்தது. அதற்காகவே முன்பணம் தரும் கையொப்பக்காரரைத் தேடிக் கடிதங்கள் பறந்தன. அறுபது படங்களைக் கொண்ட சூரினாம் நூல் 1705 இல் ஒல்லாந்த மொழியிலும் இலத்தீனிலும் வெளிவந்தது. அவர் விரும்பிய ஜேர்மன் பதிப்பும் ஆங்கிலப் பதிப்பும் போதிய ஆதரவின்றி அவர் வாழ்நாளிற் கைகூடவில்லை. ஆங்கிலப் பதிப்பை ஆன் அரசியாருக்கு உரிமையாக்க எண்ணிய அவர், ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு அதனைச் செய்தல் பொருத்தமே எனப் பெற்றிவருக்கு எழுதியுள்ளார்.

இப்பெற்றிவர் பெருஞ் சேகரிப்பாளர். சென்னைக் கோட்டையின் மருத்துவர் சாமுவேல் பிரவுண் அனுப்பிய செடிகளின் விவரங்களை அவற்றின் தமிழ்ப் பெயர்களோடு இலண்டனில் வெளியிட்டவரும் இவரே. அவர் அம்மையாருக்கும் உலர்ந்த உயிரினங்கள் சிலவற்றை அனுப்பினார். 1705 இல் அம்மையார் விடுத்த மறுமொழியே எஞ்சிய கடிதங்களுள் மணிமுடி போன்றது. இத்தகைய உயிரினங்கள் தமக்கு இனி வேண்டா என்கிறார். உயிர்கள் எங்ஙனம் உருவாகின்றன, எங்ஙனம் பெருகுகின்றன, ஒன்றிலிருந்து மற்றொன்று எங்ஙனம் வெளிப்படுகின்றது, அவற்றின் உணவு யாது என்பனவற்றையே தாம் நாடுவதாகக் கூறுகிறார்.

இறந்த பூச்சிகளை விற்றுப் பிழைத்தவரே, ஆராய்ச்சிக்கு இறந்த பூச்சி போதாது என்று மறுக்கிறார்! வயிற்றுக்கு வேண்டியது வேறு, அறிவுக்கு வேண்டியது வேறு என்பதை அவர் குழப்பிக்கொள்ளவில்லை. பூச்சிகள் சேற்றிலும் அழுகற்பொருளிலும் தாமே தோன்றுவன என்ற பழங்கொள்கை முற்றும் மறையாத காலம் அது. முட்டை, மயிர்க்கொட்டி, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என்னும் நான்கு நிலைகளையும் உணவுச்செடியோடு ஒரே படத்திற் காட்டிய அவருடைய முறைக்கு வேர் இம்மனப்பான்மையே. பேழையில் ஊசி குத்தி நிறுத்திய பூச்சிக்குப் பெயர் உண்டு; வரலாறு இல்லை. அவ்வரலாற்றையே அம்மையார் வேண்டினார்.

அவருடைய பணி குறையற்றதன்று. ஒரு பூச்சியின் தலையை இன்னொன்றன் உடலிற் பொருத்திக் காட்டிய படமும் சூரினாம் நூலில் உண்டு. மேலும், காடு வெட்டி வழியமைத்தும் புழுக்களைத் தேடிக் கொணர்ந்தும் உதவியோர் அடிமைப்பட்ட ஆபிரிக்கரும் அந்நாட்டுப் பழங்குடியினருமாவர். நூலில் அவர்களைக் குறிப்பிடும் அம்மையார் அவர்தம் பெயர்களைக் கூறினாரில்லை. கரும்பையன்றிப் பிறிதொன்றை நாடுகிறாரென்று தோட்ட முதலாளிகள் தம்மை எள்ளியதை எழுதிய அவரும், அவ்வடிமை முறையின் பயனைத் துய்த்தவரே. அவர்களுடைய உழைப்பையும் சேர்த்தே நாம் அந்நூலை மதிப்பிடுதல் நேர்மையாகும்.

1717 ஜனவரியில் அம்மையார் மறைந்தார். அவ்வாண்டே உருசியப் பேரரசர் முதலாம் பீற்றருக்காக அவருடைய ஓவியங்கள் வாங்கப்பட்டன. பின்னர் லின்னேயஸ் உயிரினங்களை வகைப்படுத்தியபோது அவருடைய படங்களைச் சான்றாக எடுத்தாண்டார்.

மாணவர்காள், ஆய்வுகூடப் போத்தல்களில் மிதப்பனவற்றின் பெயர்களை மனனஞ் செய்தல் தேர்வுக்கு வேண்டியதே. ஆயினும் நம் வளவின் முருங்கையில் மொய்க்கும் மயிர்க்கொட்டியை எரித்தொழிக்கு முன், ஒன்றையேனும் இலையோடு எடுத்துப் பெட்டியில் இட்டு, அது என்னவாகின்றதென்று நாள்தோறும் குறித்துவையுங்கள். பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி தொடங்கிய கல்வி அதுவே. அதற்குப் பெருஞ் செலவு வேண்டியதில்லை. பொறுமை ஒன்றே வேண்டும்.