பார்க்கிற கண்ணும் செய்கிற கையும்



கபடி ஆட்டம் பார்த்திருப்பீர்கள். பாடிப் போகிறவர் போனஸ் கோட்டைத் தாண்டக் காலை நீட்டும்போது, வெளியே நிற்பவர்களில் சிலருடைய காலும் தன்னால் முன்னே நகரும். எதிரில் இருப்பவர் கொட்டாவி விட்டால் நமக்கும் வந்துவிடுகிறது. "சும்மா பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்" என்கிறோம். ஆனால் பார்க்கும்போது நம் உடம்பு சும்மா இருப்பதில்லை. அதைப் பற்றி விஞ்ஞானம் சொல்வதையும், ஒர்க்‌ஷாப்பில் அது நமக்கு எப்படிப் பயன்படும் என்பதையும் இங்கே பார்ப்போம்.

குரங்கு காட்டிய வழி

இத்தாலியில் பார்மா பல்கலைக்கழகத்தில் ஜியாகோமோ ரிசோலாட்டி குழுவினர் குரங்குகளின் மூளையை ஆராய்ந்தார்கள். குரங்கு ஒரு பொருளைக் கையால் எடுக்கும்போது வேலை செய்த சில நரம்பணுக்கள், மனிதர் எடுப்பதை அது வெறுமனே பார்த்தபோதும் வேலை செய்தன. 1992-ல் இதை வெளியிட்டார்கள். பிறகு இவற்றுக்குக் 'கண்ணாடி நரம்பணுக்கள்' என்று பெயர் வந்தது. மனிதன் செய்கிற எல்லாவற்றுக்கும் இவையே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பார்ப்பது செய்வதைப் பாதிக்கிறது என்பதை மனிதர்களிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

விரல் சோதனை, கை சோதனை

2000-ல் ஜெர்மனியில் மார்செல் பிராஸ் குழுவினர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். திரையில் வரும் எண்ணுக்கு ஏற்ப ஆள்காட்டி விரலையோ நடுவிரலையோ தூக்க வேண்டும். அதே திரையில் ஒரு கையும் தெரியும். அந்தக் கை அதே விரலைத் தூக்கினால் நம் விரல் சீக்கிரம் எழுந்தது. வேறு விரலைத் தூக்கினால் தாமதமானது.

2003-ல் லண்டனில் ஜேம்ஸ் கில்னர் குழுவினர் கையை மேலும் கீழும் ஆட்டச் சொன்னார்கள். எதிரில் நிற்பவர் பக்கவாட்டில் ஆட்டியபோது, பார்த்தவரின் கை நேர் பாதையிலிருந்து அதிகம் விலகியது. எதிரில் இயந்திரக் கை ஆடியபோது அந்தத் தடுமாற்றம் இல்லை.

நமக்கு என்ன பாடம்?

அரம் போடும்போது முன்னே தள்ளுகையில்தான் அழுத்த வேண்டும், அரம் மட்டமாகப் போக வேண்டும். ஊஞ்சல் மாதிரி ஆடினால் ஜாப் நடுவில் மேடாகிவிடும். பக்கத்து வைஸில் ஒருவன் அப்படி ஆட்டிக்கொண்டிருக்க, அவனையே பார்த்தபடி ராவினால் நம் கையும் கெடலாம். ஆகவே, ஆசிரியர் செய்து காட்டும்போது கையைக் கட்டிக்கொண்டு அவர் கையையும் கால் வைப்பையும் முழுசாகப் பாருங்கள். நாம் செய்யும்போது கண் நம் ஜாப்பின் மேல் இருக்கட்டும்.

இன்னொன்று. லேத் சுற்றும்போதே ஒரு சீனியர் காலிப்பரை நீட்டி அளந்தால், முதலாண்டுத் தம்பி அதையும் 'பாடம்' என்றே எடுத்துக்கொள்வான். போகப்போவது அவன் விரல். நம்மைப் பார்த்து ஒருத்தன் கத்துக்கிட்டிருக்கான் என்பதை மறக்கக் கூடாது.

பார்த்தால் மட்டும் போதுமா?

போதாது. 2005-ல் வெளியான ஓர் ஆய்வில் பாலே நடனக்காரர்களுக்கும், பிரேசில் நாட்டுக் கபோயெரா ஆட்டக்காரர்களுக்கும் இரண்டு வகை ஆட்டங்களையும் காட்டினார்கள். தாங்கள் பயின்ற ஆட்டத்தைப் பார்த்தபோதுதான் அவர்கள் மூளையின் இயக்கப் பகுதிகள் அதிகம் வேலை செய்தன. செய்து பழகியவன் பார்ப்பது வேறு, சும்மா பார்ப்பவன் பார்ப்பது வேறு.

என் அப்பா கொத்தனார். தெருவில் யாராவது சுவர் பூசுவதை ஒரு நிமிஷம் பார்த்தாலே, "மணிக்கட்டு சரியா வரலப்பா, சாந்து நிக்காது" என்பார். நானும் அதே சுவரைத்தான் பார்க்கிறேன், எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. பள்ளிக்கூடம் போகாத அவர் கையில் இருப்பதும் படிப்புதான். அதற்கு மார்க் ஷீட் இல்லை, அவ்வளவுதான்.

தோழர்களே, தியரி நோட்டை மதிப்பது போல வேலை தெரிந்த கைகளையும் மதித்துப் பார்ப்போம். பார்த்ததைப் பத்து முறை செய்து பழகுவோம்.