தோள்பட்டை இறுக்கமும் ஆயுர்வேத மருத்துவமும்

கடை ஷட்டரை இறக்கக் கையைத் தூக்கினால் தோளில் சுரீரென்று வலி. மேல் தட்டில் இருக்கும் டப்பாவை எடுக்க முடியவில்லை. சட்டை போடக்கூட மற்றவர் உதவி தேவைப்படுகிறது. நாற்பதைக் கடந்த வணிகர்கள் பலர் இப்படிச் சொல்லக் கேட்கிறோம். மூட்டை தூக்கியதால் வந்த சுளுக்கு என்று எண்ணி மாதக்கணக்கில் கவனியாமல் விட்டுவிடுகிறோம்.

நோயின் தன்மை

தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்குவதால் கை அசைவு குறைகிறது. ஆங்கில மருத்துவத்தில் இதனை ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்பர். 40 முதல் 60 வயதுக்குள் அதிகம் காணப்படும். சர்க்கரை நோயாளிகளுக்கு வரும் வாய்ப்பு கூடுதல். முதலில் வலி, பின்பு இறுக்கம், அதன்பின் மெல்லத் தளர்வு என மூன்று கட்டங்களாக ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை நீடிக்கக்கூடும்.

சிகிச்சை முறை

ஆயுர்வேதம் இதனை ‘அவபாகுகம்’ என்ற வாத நோயாகக் கருதுகிறது. தைலம் தேய்த்தல், இலைக்கிழி அல்லது பொடிக்கிழி ஒற்றடம், மூக்கில் மருந்து விடும் நசியம் ஆகியவை முக்கிய சிகிச்சைகள். வாக்படர் தமது அஷ்டாங்க ஹிருதயத்தில் நசியத்தைச் சிறப்பாகக் குறிப்பிடுகிறார். இந்நோய்க்குப் பெயர் பெற்ற கார்ப்பாஸாஸ்தியாதி தைலத்தில் சேரும் பருத்தி விதை, உளுந்து, கொள்ளு, சுக்கு, கடுகு, நல்லெண்ணெய் எல்லாம் நமக்குப் பழகிய சரக்குகளே! ஆனால் அதைப் பக்குவமாகக் காய்ச்சுவது வைத்தியர் வேலை. நாமே முயல வேண்டாம்.

நாம் கவனிக்க வேண்டியவை

1. தோள் இறுகினால் முதலில் இரத்தத்தில் சர்க்கரை அளவைப் பரிசோதிக்க வேண்டும். பலருக்குச் சர்க்கரை நோய் இருப்பதே தெரிவதில்லை.

2. இடது தோள் வலியுடன் நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் அது இதய நோயாக இருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

3. வலிக்குப் பயந்து கையை அசைக்காமலே வைத்திருந்தால் இறுக்கம் கூடும். வெந்நீர் ஒற்றடத்திற்குப் பின், சுவரில் விரல்களை மெல்ல மெல்ல மேலே நகர்த்தும் பயிற்சியை வலி தாங்கும் அளவுக்குச் செய்யலாம். சர்க்கரை நோயாளிகள் ஒற்றடத்தின் சூட்டில் கவனமாயிருக்க வேண்டும்.

4. நசியம், கஷாயம் ஆகியவற்றைப் பட்டம் பெற்ற ஆயுர்வேத வைத்தியரிடமே பெற வேண்டும். மற்ற மருந்துகள் சாப்பிட்டு வந்தால் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பத்தே நாளில் குணம் என்னும் விளம்பரங்களை நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம். பொறுமையே இதற்கு முதல் மருந்து. கடைக்கு முதல் போட்ட நாம், உடலும் ஒரு முதல் என்பதை மறக்கலாகாது.