காற்றில் வந்த கரண்ட்!



போன வாரம் பி.டி. பீரியட்ல எல்லாரும் கிரவுண்டுக்குப் போயிட்டோம். வகுப்புல நாலு ஃபேன் மட்டும் ஒரு மணி நேரம் சும்மாவே சுத்திக்கிட்டு இருந்துச்சு. ஒரு ஃபேன் சுமார் 75 வாட். நாலும் சேர்ந்தால் 300 வாட், அதாவது ஒரு மணி நேரத்துக்கு 0.3 யூனிட். "இவ்வளவுதானா?" என்று சிரிக்காதீர்கள். ஒரு ஊராட்சி போட்ட கணக்கைக் கேளுங்கள்.

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கத்தில் இருக்கிறது ஓடந்துறை ஊராட்சி. தெருவிளக்கும் குடிநீர் மோட்டாரும் கூடக்கூட கரண்ட் பில்லும் ஏறியது. சோலார் தெருவிளக்கு போட்டார்கள். 2003-ல் மரக்கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் 9 கிலோவாட் கருவியை வைத்துத் தண்ணீர் மோட்டாரை ஓட்டினார்கள். 2006-ல் சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலையே வாங்கிவிட்டார்கள்! பெரும்பங்கு வங்கிக் கடன்.

ஒரு சந்தேகம்

காற்றாலை நின்றதோ உடுமலைப்பேட்டை பக்கம். விளக்கு எரிந்ததோ ஓடந்துறையில். எப்படி?

ஒரு பொதுக் குதிரில் நீங்க ஒரு மூட்டை நெல் கொட்டுறீங்க. வேற பக்கம் வழியா ஒரு மூட்டை எடுத்துக்கறீங்க. அதே நெல்லா வரும்? வராது. அளவுதான் கணக்கு. மின்வாரியக் கம்பிகளும் அப்படித்தான். அங்கே கொடுத்த யூனிட்டை ஒரு மீட்டர் எண்ணும். இங்கே செலவானதை இன்னொரு மீட்டர் எண்ணும். ஆண்டுக்குக் கிடைத்தது சுமார் 6.75 லட்சம் யூனிட். ஊருக்குத் தேவை சுமார் 4.5 லட்சம். மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள்.

ஆனால் நெல் வேறு, கரண்ட் வேறு

நெல்லைச் சேர்த்து வைக்கலாம். கரண்டை உண்டான நொடியிலேயே யாராவது செலவழிக்க வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரி வேண்டும். நம் மாநிலத்தில் காற்று பலமாக வீசுவது மே முதல் செப்டம்பர் வரை. வெயிலோ உச்சிவேளையில். அதனால் கிடைக்கும் நேரத்துக்கு ஏற்றபடி வேலையை மாற்றுவதே கெட்டிக்காரத்தனம். சோலார் இருக்கும் பள்ளியில் மோட்டாரை மாலையில் போடாமல் நண்பகலில் போட்டால் போதும். மேல்தொட்டி நிரம்பிவிடும். அந்தத் தொட்டிதான் காசில்லாத பேட்டரி!

நம் கணக்கு

தினம் 0.3 யூனிட் வீணானால் 200 பள்ளி நாளில் 60 யூனிட். 1 எச்.பி. மோட்டார் மணிக்குச் சுமார் 0.75 யூனிட் எடுக்கும். அப்படியென்றால் 80 மணி நேரம் தண்ணீர் இறைக்கும் கரண்டை நம்ம ஒரு வகுப்பே வீணாக்குகிறது!

காற்றாலை வாங்க நம்மகிட்ட கோடி இல்லை. ஸ்விட்சை அணைக்க ஒரு விரல் இருக்கே! கடைசியா வெளியே போறவர் யாரோ, அவரே இன்றைய மின்துறை மந்திரி. சரிதானே?